சக்கரம் வைக்காத விமானம்

சிலுவையன்அள்ளி சவரிமுத்துவின் மகன் சின்னப்பன், 1985இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சவுதியிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு மூன்று கிறிஸ்துமஸ் கழிந்தும் தரையில் இறங்கவில்லை. அவன் ஏறி வந்த விமானம், தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கிழக்கே ஏரிக்கரையிலிருந்து மேற்கே கோயில் மேடு வரை வட்டமடித்துக்கொண்டே இருந்தது. முதல் மாதம் பாலக்கோட்டிலிருந்தும் மாரண்டஅள்ளியிலிருந்தும் சனங்கள் டிராக்டர் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒகேனக்கல் போகிற சுற்றுலா பஸ்கள்கூட வழிமாறி வந்து நின்றன. பொரி கடலை விற்றவர்களுக்கும் ஐஸ் விற்றவர்களுக்கும் நல்ல வியாபாரம். வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து அண்ணாந்து பார்த்தார். நிலத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பு என்று நடவடிக்கை எடுக்கலாம், வானம் தன் பொறுப்பில் வராது என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் தக்காளி விலை விழுந்தது. பறித்த கூலிகூடக் கட்டாமல் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவர்களுக்கு அண்ணாந்து பார்க்கத் தெம்பில்லை. பிறகு அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தக்காளி போட்டிருந்த பச்சியப்பன் மட்டும், விமானத்தின் நிழல் விழுந்து தன் செடியில் பூ நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எதற்கும் குறை சொல்கிற ஆள்.

அது ஏன் இறங்கவில்லை என்பது ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்த விமானத்துக்குச் சக்கரம் இல்லை. சக்கரம் வைக்காதவர் சவரிமுத்து. அவரை ஒருவரும் நேருக்கு நேர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும்.

சவரிமுத்து வாலிபத்தில் பெங்களூரில் விமானம் கட்டும் தொழிற்சாலையில் மரவேலைப் பிரிவில் இருந்தவர். பகலெல்லாம் பெரிய விமானத்தின் உறுப்புகளுக்கு மரத்தில் மாதிரி இழைப்பார். சாயங்காலம் அறைக்கு வந்ததும் சின்ன விமானம் செய்ய உட்கார்ந்துவிடுவார். நிஜத்தில் எழுபத்திரண்டு அடி என்றால் இவரிடம் ஓர் அடி. அந்தக் கணக்கில் மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பால்சா என்று வெளிநாட்டு மரம் ஒன்று, தக்கை மாதிரி கனமே இல்லாதது, கண்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியர் கடையில் கிடைத்தது. சம்பளத்தில் பாதி அந்தக் கடைக்குப் போனது. செய்து முடித்ததை அட்டைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலிருந்து இறக்காமல் ஊருக்குக் கொண்டுவருவார். டகோட்டா, ஸ்பிட்ஃபயர், வாம்பயர் என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏறின. மதலேனம்மாளைக் கட்டிய புதிதில், அவள் பரணைத் துடைக்கப் போனால்கூட ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். கையைப் பிடிப்பது தன்மேல் உள்ள ஆசையால் என்று அவள் கொஞ்ச நாள் நினைத்திருந்தாள்.

1961 ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சவரிமுத்து பெங்களூரில் இருந்தார். மதலேனம்மாளுக்குச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. மருத்துவம் பார்க்க வந்த குள்ளம்மாள் வெந்நீர் கேட்டாள். விறகு அத்தனையும் ஊறிப்போய், ஊதினால் புகைதான் வந்தது. ஊரில் வேறு வீட்டுக்குப் போய் வாங்கலாம் என்றால் ஓடையில் கழுத்தளவு தண்ணீர். வீட்டுக்குள் நனையாத மரம் என்று பார்த்தால் பரணில் துணி போர்த்தி வைத்திருந்தவைதான். மதலேனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அதுங்களை எடுத்துப் போடு ஆயா” என்றாள். வார்னிஷ் பூசின மரம். ஒவ்வொன்றும் பொசுக்கென்று பிடித்து எரிந்தது, அப்படி எரிகிற விறகைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று குள்ளம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வெந்நீர் கொதித்தது, சின்னப்பன் பிறந்தான். மழை விட்டபின் சவரிமுத்து வந்தார். வாசலில் செருப்பை விட்டார், பரணைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். குனிந்து சாம்பலைக் கிளறி, டகோட்டாவின் பாதி இறக்கை ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார். அந்த வரிசையை மதலேனம்மாள் மறக்கவில்லை.

அதோடு அவர் விமானம் செய்வதை விட்டார். கத்தி, அரம், உப்புத்தாள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். இரண்டு வருஷத்தில் பெங்களூர் வேலையையும் விட்டுவிட்டு வந்து, தகப்பன் விட்டுப்போன மேட்டுக் காட்டில் ராகியும் துவரையும் போட்டார். குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, பெண்டாட்டியை அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனார். ஆனால் மகன் கூப்பிட்டால் திரும்பமாட்டார். மகன் தட்டில் சோறு இருக்கிறதா, காலில் முள் இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் பாஸா ஃபெயிலா, எதுவும் கேட்டதில்லை. அடித்து வளர்த்த தகப்பன்மார் அந்த ஊரில் நிறையப் பேர். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சின்னப்பன் பொறாமைப்பட்டிருக்கிறான். ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். இங்கே ஆட்டோடு பேச்சுவார்த்தை இருந்தது, குட்டியோடுதான் இல்லை.

சின்னப்பனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, கரும்பு ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில் மட்டும் வேலை கிடைத்தது. மற்ற மாதங்களில் டீக்கடை. சவுதிக்குப் போகிறேன் என்றான். அப்பன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று ஊரில் கேலி பேசினார்கள். தர்மபுரியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் டிராவல்ஸ் வைத்திருந்த முனாப், பாஸ்போர்ட்டையெல்லாம் சரிசெய்து கொடுத்தார். விசாதான் வருவேனா என்றது. அலைந்து அலைந்து மதலேனம்மாளுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. ஒருநாள் முனாப் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, “என் கையில ஒண்ணுமில்லீங்க ஆத்தா. மேல இருக்கறவரு மனசு வெக்கணும்” என்றார். யாரும் பேச்சுக்குச் சொல்வதுதான். மதலேனம்மாள் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனாள்.

சிலுவையன்அள்ளி அந்தோணியாருக்கு ஒரு குணம் உண்டு. காட்டினதைக் காட்டினபடி கொடுப்பார். கூடக் குறையக் கொடுக்கமாட்டார். கால் வலிக்குக் கால், கண் நோய்க்குக் கண், பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில், குடியிருக்க வேண்டுமென்றால் வீடு என்று வெள்ளித் தகட்டில் அடித்து வாங்கிவந்து, செவ்வாய்க்கிழமை சொரூபத்துக்கு முன்னால் கட்டித் தொங்கவிட வேண்டும். ராயம்மாள் என்று ஒருத்தி வலது காலுக்கு நேர்ந்துகொண்டு, பார்க்காமல் இடது காலைக் கட்டிவிட்டாள். ஏற்கெனவே நன்றாயிருந்த இடது கால் இன்னும் நன்றாகி, அந்தக் கால் ஓட, மறு காலை இழுத்துக்கொண்டே மிச்ச நாளைக் கழித்தாள். ஜன்னல் இல்லாத வீட்டைக் கட்டிய ஒருவருக்கு ஜன்னல் இல்லாத வீடே கிடைத்தது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் காணிக்கை வாங்கும்போது, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது மாதிரித் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தர்மபுரித் தட்டாரிடம் கால் இருந்தது, கை இருந்தது, பசுமாடு இருந்தது. ஏரோப்ளேன் இல்லை.

அன்று மதலேனம்மாள் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “ஏங்க, பையனுக்காவ ஒரு ஏரோப்ளேன் செஞ்சு குடுங்க. நேந்துக்கிட்டு வந்துட்டேன்” என்றாள்.

சவரிமுத்து தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அடுப்புக்கா?” என்று கேட்டார்.

“கோயிலுக்குங்க.”

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். ஆனால் மறுநாள் டிரங்குப் பெட்டியின் பூட்டு எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்காகத் திறந்தாரா, பெட்டிக்காகத் திறந்தாரா என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. கத்திகள் துருப்பிடித்திருந்தன, தீட்டத் தீட்ட அலகு பாதியானது. உப்புத்தாள் தொட்டதும் உதிர்ந்தது. பால்சாவுக்கு எங்கே போவது, கல்யாண முருங்கையை வெட்டிக் காயவைத்தார். ஒட்டுவதற்குத் தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரம். பார்த்துச் செய்ய முனாப் கடையிலிருந்து ஒரு விமானக் கம்பெனி காலண்டர். மேகத்துக்கு மேலே ஏர்பஸ் ஒன்று பறக்கிற படம். கைதான் ஏமாற்றியது. இருபது வருஷமாக ஏரும் மண்வெட்டியும் பிடித்துக் காய்ப்பேறிய கை, முதல் இறக்கையை வாழைத்தண்டு நறுக்குவது மாதிரி நறுக்கிப் போட்டது. இரண்டாவது, கோணல். கண்ணுக்குக் கிட்டே வைத்தால் கலங்கியது, தள்ளி வைத்தால் கோடு தெரியவில்லை. பாலக்கோடு போய் மூக்குக்கண்ணாடி வாங்கிவந்தார். பிறகு ஒரு சாயங்காலம், இழைத்துக்கொண்டிருந்தபோது, சுருள் ஒன்று அறுபடாமல் நீளமாக, மெல்லிசாகக் கழன்று மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. மதலேனம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருஷமும் இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்பது அவளுக்கு ஆறவில்லை.

இறக்கை இரண்டையும் உடம்போடு ஒட்டுகிற நாள் வந்தது. வச்சிரம் இறுகும்வரை இருபக்கமும் ஒரே மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவருக்கு இரண்டு கைதான் இருந்தது. உடம்பையும் பிடிக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்ற மகனைப் பார்த்து, “வா, இதைப் புடி. ஆடாம புடி” என்றார். சின்னப்பன் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இறக்கை நுனிகளை இரண்டு கையிலும் ஏந்தினான். பசை காய்கிற நேரமெல்லாம் இருவரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதைச் சவரிமுத்து அன்றுதான் பார்த்தார். எப்படிப் பட்டது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சின்னப்பனுக்குக் கை மரத்துப்போயும் எடுக்கவில்லை. பசை அன்று காயாமலே இருந்திருந்தால் அவன் சவுதியை மறந்திருப்பான்.

“சக்கரம் எங்கப்பா?” என்று கேட்டான்.

“பறக்கறப்ப உள்ள போயிரும்டா” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. கட்டித் தொங்கவிடுகிற விமானம் பறக்கிற விமானம். பறக்கிற விமானத்துக்குச் சக்கரம் வெளியே தெரிந்தால் அது தப்பு. விமானம் செய்கிறவர்களில் யாரும் அதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் உள்ளே போவதற்கு வயிற்றில் குழி வேண்டும், குழிக்கு மூடி வேண்டும், குழிக்குள் மடங்கிய காலும் சக்கரமும் வேண்டும். பெங்களூர் நாட்களில் மூடியைத் திறந்தே பார்க்கப்போகாத விமானத்துக்கும் அவர் அதையெல்லாம் வைத்தவர். இப்போதும் கத்தியை எடுத்தார். வயிற்றில் வைத்தார். கல்யாண முருங்கை பால்சா இல்லை. குறுக்கே வெட்டினால் நாரோடு பிளந்துகொண்டு போகும். அவ்வளவு வழவழப்பாக, வெள்ளைப் பெயின்ட் பூசி, ஜன்னல் வரிசைக்குக் கோடு இழுத்து, முன்பு செய்த எதையும்விட அழகாக வந்திருந்தது அது. பிளந்தால் எல்லாம் போச்சு. ஊர்க்காரர்கள் காணிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கத்தியை வைத்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார். விழுந்த கீறல்மேல் பெயின்டைத் தடவினார்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் விட்டத்திலிருந்து நைலான் கயிற்றில் தொங்கவிட்டார்கள். இரண்டரை அடி நீளம். காற்றுக்கு மெதுவாகத் திரும்பியது. சாமியார் உட்பட எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சனங்கள் இறக்கையையும் வாலையும் எண்ணினார்கள், ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், திருப்தியாகத் தலையாட்டினார்கள். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் யாருமில்லை என்பதால் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த வாரமே விசா வந்தது. சின்னப்பன் புறப்படுகிற அன்று சவரிமுத்து பஸ் வரை வந்தார். மகன் காலில் விழுந்தபோது தலையைத் தொடலாமா என்று கை நீண்டது, அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து வந்த விமானம் பம்பாயில் இறங்கியது, ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள், சின்னப்பன் மட்டும் இறங்கவில்லை என்று முனாப் டிரங்க் கால் போட்டு விசாரித்துச் சொன்னார். அதற்குள் இங்கே விமானம் வட்டமடிக்கத் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. கோயிலில் தொங்கியதேதான், அதே வெள்ளை, வாலுக்குக் கிட்டே பெயின்ட் ஒழுகியிருந்த அதே இடம், ஆனால் முழு அளவில். ஜன்னலில் சின்னப்பன் தெரிந்தான். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக் காட்டினான். அம்மாவுக்கு வாங்கிய புடவையைப் பிரித்துக் காட்டினான். மதலேனம்மாள் காட்டில் நின்று முந்தானையை ஆட்டினாள். விமானம் ஏரிக்குப் போய்த் திரும்பி வரும்வரை அதே இடத்தில் நின்றாள், மறுபடி ஆட்டினாள். அவனுக்குத் தாடி வளர்ந்தது. கன்னம் ஒட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆரம்பத்தில் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பிறகு நிழல் வந்தால் விளையாட்டு மைதானத்தில் கொஞ்சம் தள்ளி நின்று ஆடினார்கள். களத்தில் ராகி காயப்போட்டவர்கள் நிழலுக்கு ஏற்ப இடம் மாற்றிக்கொண்டார்கள்.

முதல் மாதத்திலேயே மதலேனம்மாள் கேட்டுவிட்டாள். “எதுக்குங்க சக்கரம் வெக்காம வுட்டீங்க?”

சவரிமுத்து பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டு ஆறியிருப்பாள். “வவுத்த வெட்டினா மரம் பொளந்துக்கும். வேலை கெட்டுப் போயிருக்கும்” என்றார்.

மதலேனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அவன் கெட்டாலும் உங்க வேலை கெடக் கூடாது. இல்லீங்களா?” என்றாள். அதன் பிறகு அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஏங்க என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சாமியாரிடம் போய், விமானத்தை இறக்கிக் கொடுங்கள், சக்கரம் வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். கொடுத்த காணிக்கையில் கைவைக்கக் கூடாது என்றார் சாமியார். சாமியார் பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சவரிமுத்து ஏணி போட்டு ஏறிக் கயிற்று முடிச்சைத் தளர்த்தினார். விமானம் கையளவு கீழே இறங்கியது. வெளியே பெரிய அலறல் கேட்டது. வானத்தில் இருந்தது தடாலென்று விழுந்து புளியமரத்து உச்சியை முறித்துக்கொண்டு போனது. சட்டென்று முடிச்சை இறுக்கினார். சரி, தொங்கவிட்டபடியே செய்யலாம் என்று கத்தி நுனியை வயிற்றில் வைத்து லேசாக அழுத்தினார். அவர் பயந்தபடியே மரம் கீறிக்கொண்டது. அந்த நேரத்தில் பச்சியப்பன் தக்காளிக் காட்டில் வானத்திலிருந்து ஒரு தோல் செருப்பு விழுந்தது. பின்னாலேயே டேப் ரெக்கார்டர் விழுந்து சுக்குநூறானது. சவரிமுத்து கீறலில் வச்சிரம் தடவி, காய்கிறவரை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றார். எதிர்ப்பக்கம் பிடிக்க யாருமில்லை.

இன்னொன்று செய்யச் சொன்னவள் மதலேனம்மாள்தான். சக்கரம் உள்ள விமானம் ஒன்றைக் காட்டினால் சக்கரம் உள்ள விமானம் ஒன்று வரும். அதில் மாற்றி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். யோசனை சரிதான் என்று சாமியாரும் சொன்னார். இந்த முறை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். “வவுத்த மொதல்ல வெட்டுங்க” என்றாள். வெட்டினார், பிளந்தது. அடுத்த மரம், அதுவும் பிளந்தது. பிளந்ததையெல்லாம் அவள் எடுத்துப்போய் விறகோடு அடுக்கினாள். நாலைந்து மரம் போன பிறகு ஒன்று பிளக்காமல் நின்றது. மரம் பிளக்கும் என்று அவர் சொன்னது நிஜம். பிளந்தால் வேறு மரம் உண்டு என்பதும் அன்றைக்கே அவருக்குத் தெரிந்த நிஜம்தான். குழி தோண்டி, கால் வைத்து, சுற்றுகிற சக்கரம் வைத்து, திறந்து மூடுகிற கதவு வைத்து, கதவுக்கு ஏணிப்படியும் வைத்தார். இறக்கை ஒட்டும்போது மதலேனம்மாள்தான் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பிடித்தாள். பார்க்க அது முதல் விமானத்தின் கால் தூசுக்குக் காணாது. இழுத்த கோடு நடுங்கியிருந்தது.

1988இல் ஏரி காய்ந்து கிடந்த வைகாசியில் அதைக் கோயிலில் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுநாள் காலையில் ஏரிக்குள் அது வந்து இறங்கியது. புழுதி அடங்கியதும் கதவு திறந்து ஏணி இறங்கியது. உள்ளே ஓட்டுகிறவர் யாருமில்லை, எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மேலே சின்னப்பன் ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தான். யாராவது ஏறிப் போய் அவனைக் கூட்டிவர வேண்டும். ஊர் சவரிமுத்துவைப் பார்த்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். ஏணிக்குப் போகும் வழியில் சக்கரம் இருந்தது. தான் உளியால் தோண்டிய குழி ஆள் நிற்கிற உயரத்துக்கு இருந்தது. கால் மடங்குகிற இடத்தில் ஒரு பிசிறில்லை. அவர் குனிந்தார். கையால் தடவினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நிமிர்ந்தபோது மதலேனம்மாள் சோற்றுத் தூக்குப்போசியோடு படி ஏறி முடித்திருந்தாள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு விமானமும் இறக்கையோடு இறக்கை உரசப் பறந்தன. சின்னப்பன் தாண்டி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிள்ளையும் தாயும் ஒரு ஜன்னலில் தெரிந்தார்கள். அவள் தூக்குப்போசியைத் திறந்து ஊட்டினாள். ஆளில்லாத பழைய விமானம் ஒகேனக்கல் பக்கம் போனது, அதற்கப்புறம் அதைக் கண்டவரில்லை. சக்கரம் உள்ளது திரும்பி ஏரிக்கு வந்தது. சவரிமுத்து நட்ட நடுவே நின்று துண்டை ஆட்டினார். விமானம் தாழ்ந்தது, சக்கரத்தை நீட்டியது, தென்னை உயரத்துக்கும் கீழே வந்தது. மதலேனம்மாள் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். சக்கரம் மடங்கியது, விமானம் மேலே போனது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சூறைக்காற்று, மழை, ஒரு சாக்குப்போக்கும் இல்லை. சக்கரம் நன்றாகவே வேலை செய்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மண்ணெண்ணெய் வாங்கப் பாலக்கோடு போய்விட்டு வந்தபோது, ஏரிக்குள் புதிதாகச் சக்கரத் தடம் இருந்தது. பச்சியப்பன் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

“எறங்குனாங்கண்ணா” என்றான். “வூட்டுக்கெல்லாம் போனாங்க. பையன் கெணத்துல குளிச்சான், எங்கூட உக்காந்து ஒரு பீடி குடிச்சான்.”

“எப்பிடி இருக்கான்?”

“இருக்கான். மண்ணுல நடக்கறதுக்குக் கொஞ்சம் தடுமாறுறான். பழகிப்பான்.”

சவரிமுத்து மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்தார். “என்னைக் கேட்டானா?”

“கேட்டான்.” பச்சியப்பன் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குறை சொல்லியே பழகிய வாய்க்கு இந்த மாதிரிச் சொல்ல வரவில்லை. “எந்த பஸ்ஸுக்குத் திரும்பி வருவாருன்னு கேட்டாண்ணா.”

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் சவரிமுத்து ஊரில் இருப்பதில்லை. முதல் பஸ்ஸுக்கே ஏறிவிடுவார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏலம் போவதைப் பார்ப்பார், டீ குடிப்பார், பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். மேற்கே வானத்தில் வெள்ளையாக ஒன்று தாழ்ந்து மறையும்போது, பக்கத்தில் இருப்பவர் யாராயிருந்தாலும், “எங்க வூட்டுக்காரங்க” என்பார். யாருக்கும் ஆச்சரியமில்லை, பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கிறார்கள், டிராக்டரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபடி அது மேலே ஏறித் தெரிகிறவரை அவர் திரும்பும் பஸ்ஸில் ஏறமாட்டார். ஒருமுறை அது ஏறவே இல்லை. அன்று அவர் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்ட்ரைக். விமானம் கோயில் மேட்டுக்கு மேலே காத்துக்கொண்டு சுற்றியது. சவரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாலக்கோட்டுக்கு நடந்தே போனார்.